கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன் வீட்டின் வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தீபாவளி போனஸ் கைக்கு வரும் நாள்களிலும் நீண்ட பள்ளி விடுமுறை தொடங்கும் வாரங்களிலும், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் விளையாட்டுக் கணினி வாங்கும் பேச்சு சூடுபிடித்துவிடுகிறது. பகலில் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் மின்பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் வீட்டு முன்புறத்தில் கணினி பூட்டுவதும் பழுது பார்ப்பதுமாக இருக்கும் என்னிடம், தாமான்களிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். விளையாட்டுக் காட்சிகளைத் திரைக்கு உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டை, திரவத்தால் குளிரும் வாட்டர் கூலிங் வைத்ததாக வாங்குவதா, வழக்கமான காற்றாடி வைத்ததாக வாங்குவதா? பிள்ளை முதல் வகையைக் காட்டுகிறான், தகப்பனார் இரண்டாம் வகையின் விலையைப் பார்க்கிறார், கடைக்காரருக்கு இரண்டையும் விற்க வேண்டும். இதைப் பற்றி நம் வீடுகளின் நிலையை மனத்தில் வைத்துத் தமிழில் எழுதுவோர் குறைவு என்பதால், தங்கள் நாளிதழின் வழியாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். அறையில் குளிர்சாதனம் இல்லை, வாசலில் செம்மண் தூசி, பழுது பார்க்கும் நிலையமோ தொலைவில் என்ற மூன்றும் சேர்ந்த வீடுகளில், 300 வாட்டுக்குள் மின்சாரம் எடுக்கும் எந்தக் கார்டுக்கும் திரவக் குளிர்ச்சி தேவையில்லை. அதற்கென்று கொடுக்கும் கூடுதல் பணம் கணினியின் வேறு பாகங்களில் இன்னும் நன்றாகப் பயன்படும். 300 வாட்டுக்கு மேற்பட்ட கார்டுகளைப் பற்றித்தான் வாதாட இடம் இருக்கிறது. அங்கே திரவக் குளிர்ச்சிக்கு உள்ள நியாயத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வாட்டர் கூலிங் கேட்டு வரும் இளைஞர்களில் பலர், அது இருந்தால் அறையும் குளிர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கார்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் முழுவதும், திரையில் எந்த விளையாட்டு ஓடினாலும், கடைசியில் வெப்பமாகி அறைக்குள்தான் வந்து சேர்கிறது. காற்றாடி வைத்த கார்டு அந்த வெப்பத்தை உலோகத் தகடுகளின் வழியே நேராகக் காற்றில் விடுகிறது. திரவக் கார்டு, ஒரு சிறிய பம்ப் சுற்றவைக்கும் திரவத்தின் மூலம் அதைக் குழாய் வழியே ரேடியேட்டர் என்ற தகட்டுப் பெட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அதே காற்றில் விடுகிறது. வெப்பம் வெளியேறும் இடம் மாறுகிறதே தவிர அதன் அளவு குறைவதில்லை. 300 வாட் எடுக்கும் கார்டு மணிக்கு ஏறத்தாழ 1,000 பி.டி.யூ. (ஏர்கோன்களின் திறனைக் குறிக்கும் வெப்ப அலகு) வெப்பத்தைக் கொட்டுகிறது; ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்குச் சுமார் 9,000 பி.டி.யூ. வெப்பத்தைத்தான் வெளியேற்றும் என்பதால், அதன் உழைப்பில் ஒன்பதில் ஒரு பங்கைக் கார்டு ஒன்றே தின்றுவிடும். ஏர்கோன் இல்லாத அறையில் அந்த வெப்பம் போக வழியின்றி அங்கேயே சுற்றும். நம்மூரில் எல்லாருக்கும் தெரிந்த மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டால், ஹோண்டா ஈ.எக்ஸ்.5 காற்றில் குளிரும் இயந்திரம், யமாஹா ஒய்15 ரேடியேட்டர் வைத்த இயந்திரம். இரண்டுமே தம் வெப்பத்தைச் சாலையில் விட்டுவிட்டு ஓடிவிடுகின்றன. கணினியோ கதவைச் சாத்திக்கொண்டு நாலு மணி நேரம் அதே பத்தடி அறையில் நிற்கிறது.

அடுத்து வருவது அறையின் வெப்பநிலை. காணொளிகளிலும் இதழ்களிலும் நாம் பார்க்கும் சோதனை முடிவுகள் பெரும்பாலும் 20 முதல் 25 பாகை செல்சியஸ் வரை வைக்கப்பட்ட குளிரூட்டிய அறைகளில் எடுக்கப்பட்டவை. நம் தாழ்நிலப் பகுதிகளில் பகல் வெப்பம் 32, 33 பாகைக்கு ஏறுவது அன்றாட நிகழ்ச்சி. பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 பாகை பதிவானதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தகரக் கூரையின் கீழ் உள்ள அறையில் நுழைந்து பார்த்தவர்களுக்கு, வானிலை அறிக்கையின் எண்ணைவிட அந்த அறை இன்னும் சூடாக இருப்பது தெரியும். காற்றாலும் சரி, திரவத்தாலும் சரி, கார்டின் சில்லை (சிப்) அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. ஆகவே 22 பாகை அறையில் 66 பாகை காட்டிய கார்டு, அதே வேலையை அதே காற்றாடி வேகத்தில் 33 பாகை அறையில் செய்யும்போது ஏறக்குறைய 77 பாகை காட்டும் என்று கூட்டிக்கொள்வதே பத்திரமான கணக்கு. காணொளியில் தெரியும் எண்ணை நம்பி வாங்கியவர், வீட்டில் வேறு எண்ணைக் கண்டதும் கார்டு பழுது என்று பதறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது பழுதன்று. ஆர்.டி.எக்ஸ். 4060, 4090 ஆகிய இரண்டு கார்டுகளுக்கும் என்விடியா நிறுவனம் அறிவித்துள்ள உச்ச வெப்பநிலை 90 பாகை, ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டுக்கு 93 பாகை. 77 பாகையில் ஓடும் கார்டுக்குக் குறை ஏதுமில்லை; காற்றாடிச் சத்தம்தான் சற்றுக் கூடுதலாகக் கேட்கும்.

இந்தக் கேள்வியே ஏன் இப்போது பெரிதாக எழுகிறது என்பதற்குக் கார்டுகளின் வரலாற்றில் பதில் இருக்கிறது. 2016-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1060 கார்டு 120 வாட்டில் ஓடியது. மறு ஆண்டின் உயர்நிலைக் கார்டான ஜி.டி.எக்ஸ். 1080 டிஐ 250 வாட் எடுத்தது. 2020-இல் ஆர்.டி.எக்ஸ். 3090 அதை 350 ஆக்கியது, 2022-இல் ஆர்.டி.எக்ஸ். 4090 அதை 450 ஆக்கியது, 2025-இல் ஆர்.டி.எக்ஸ். 5090 வந்து 575 வாட்டில் நிற்கிறது. உச்சத்தில் உள்ள கார்டுகள் இப்படி ஏறிக்கொண்டே போனதால்தான் ரேடியேட்டர் வைத்த கார்டுகளுக்கு மவுசு கூடியது. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வாங்கும் வரிசை அதுவன்று. ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டின் மின்தேவை 115 வாட்; ஆர்.டி.எக்ஸ். 5060 கார்டுக்கு 145 வாட், ஆர்.டி.எக்ஸ். 5070 கார்டுக்கே 250 வாட்தான். 115 வாட் கார்டுக்கு ரேடியேட்டர் வைப்பதைப் பற்றி ஒருவர் என்னிடம் தீவிரமாகக் கேட்டபோது, அந்தப் பணத்துக்கு அறைக்கு ஒரு நல்ல கூரைக் காற்றாடி வாங்கிப் பூட்டும்படி சொன்னேன். அது விளையாடுபவரையும் குளிரவைக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 575 வாட் எடுக்கும் ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டை என்விடியா தன் சொந்தப் பதிப்பாக வெளியிட்டபோது, அதை இரண்டு துளை (ஸ்லாட்) அகலமே கொண்ட, காற்றாடியால் குளிரும் கார்டாகத்தான் செய்தது. அந்த அளவு வெப்பத்தையே காற்றால் தள்ள முடிகிறதென்றால், அதில் பாதிகூட இல்லாத கார்டுகளைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது? காற்றாடிக் கார்டு என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குள்ளும் திரவம் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். அதன் தகடுகளுக்கு நடுவே ஓடும் செம்புக் குழல்களின் உள்ளே காற்றை நீக்கிவிட்டுச் சிறிதளவு திரவத்தை, பெரும்பாலும் நீரையே, அடைத்து மூடியிருக்கிறார்கள். சில்லின் பக்கம் அது சூடாகி ஆவியாகிறது, தகட்டின் பக்கம் போய்க் குளிர்ந்து மீண்டும் நீராகிறது, குழலின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் பரப்பின் வழியே தானாகவே திரும்பி வருகிறது. இத்தனையும் பம்ப் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், சத்தம் இல்லாமல் நடக்கிறது. ஆலையில் பம்புகளோடு காலம் தள்ளும் எனக்கு, பம்ப் இல்லாமலே சுற்றி வரும் இந்த ஏற்பாட்டின் மேல் தனி மரியாதை உண்டு. பழுதாக அதில் எதுவும் இல்லை.

திரவக் குளிர்ச்சிக்கு உள்ள நியாயத்தைச் சொல்வதாக வாக்களித்தேன். 400 வாட்டைத் தாண்டிய கார்டுகளில், 240 அல்லது 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் வைத்தவை சில்லின் வெப்பத்தைக் காற்றாடிக் கார்டுகளைவிடக் கண்கூடாகக் குறைத்து வைக்கின்றன. பெரிய பரப்பில் மெதுவாகச் சுழலும் காற்றாடிகள் போதும் என்பதால் சத்தமும் தணிகிறது. காற்றாடி வைத்த உயர்நிலைக் கார்டுகள் மூன்று, மூன்றரைத் துளை அகலத்துக்குப் பருத்து, இரண்டு கிலோவுக்கு மேல் கனத்து, கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டின் துளையில் தொங்கி வளைகின்றன. ரேடியேட்டரைத் தனியே பிரித்துவிட்ட கார்டு மெலிதாக இருக்கும். ஒரே அறையில் அண்ணன் விளையாட, தங்கை எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் வீடுகளில் சத்தம் என்பது சிறிய விஷயமுமன்று. அத்தகைய கார்டு வாங்கும் வசதியும் நல்ல விசாலமான கேசிங்கும் (கணினிப் பெட்டியும்) உள்ளவர்கள் திரவத்தைத் தேர்ந்தெடுத்தால் நான் தடுக்க மாட்டேன்.

அதே நேரத்தில், சில்லின் வெப்பம் குறைவதால் விளையாட்டின் வேகம் பெரிதாகக் கூடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. 2017-இல் வேகா 64 என்ற ஒரே சில்லைக் காற்றாடி வைத்தும் திரவம் வைத்தும் விற்றது. முன்னது 295 வாட், பின்னது 345 வாட். குளிர்ச்சியில் கிடைத்த இடைவெளியை அது கூடுதல் மின்சாரம் தின்பதற்கே செலவிட்டது. கிடைத்த வேக உயர்வு, விளையாடும்போது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அதற்கு முன் 2015-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஃபியூரி எக்ஸ் கார்டு, 120 மில்லிமீட்டர் ரேடியேட்டரோடு அமைதியாக ஓடும் என்ற எதிர்பார்ப்போடு வந்தது. தொடக்கத்தில் வந்த கார்டுகளில் பம்பே கீச்சென்று ஒலி எழுப்பியதாக அன்றைய விமர்சனங்கள் பல குறிப்பிட்டன. காற்றாடிக் கார்டுகளில் பெரும்பாலானவை வேலை இல்லாத நேரத்தில் காற்றாடியை முழுவதுமாக நிறுத்திவிடும். பம்பை அப்படி நிறுத்த முடியாது. வீட்டுப்பாடம் தட்டச்சு செய்யும் நேரத்திலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சோதனைக் காணொளிகளைப் பார்ப்பவர்கள் நேரத்தையும் கவனிக்க வேண்டும். குழாயிலும் ரேடியேட்டரிலும் உள்ள திரவம் சூடேற அவகாசம் எடுத்துக்கொள்வதால், ஐந்து நிமிட ஓட்டத்தில் திரவக் கார்டு மிகவும் குளிர்ச்சியாகத் தெரியும். உண்மையான நிலை அரை மணி நேரம் ஓடிய பிறகே தெரியவரும். நம் பிள்ளைகள் ஐந்து நிமிடம் விளையாடிவிட்டு எழுந்துவிடுவதில்லை.

இனி, தூசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காரணம், என்னிடம் பழுதுக்கு வரும் கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையான நோய் அதுதான். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் நாள் முழுதும் ஓடும் மண்பாதை ஓரத்து வீட்டிலிருந்து வரும் கார்டின் காற்றாடிகளைக் கழற்றினால், அடியில் உள்ள தகடுகளின் முகப்பில் செந்நிறத்தில் ஒரு பாய் விரித்ததுபோல் தூசி படிந்திருக்கும். வெறும் தூசியாக இருந்தால் ஊதினாலே போய்விடும். சமையலறையிலிருந்து வரும் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் அதில் கலந்து, நகத்தால் உரித்தால் துண்டாக வரும் அளவுக்கு அது கெட்டியாகிவிடுகிறது. 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்ததைப் போன்ற கடும் புகைமூட்டக் காலம் என்றால் சொல்லவே வேண்டாம். அந்தப் பாயை உரித்தெடுத்துவிட்டு, சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றிப் பூட்டியதும், புதிய கார்டு வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவரின் பழைய கார்டே பத்துப் பதினைந்து பாகை இறங்கி ஓடுவதுண்டு. ஒரு முறை தகடுகளின் நடுவே இரண்டு பல்லி முட்டைகள் கிடந்தன. கதகதப்பான இடம் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது.

திரவக் கார்டு வாங்கினால் இந்தத் தூசியிலிருந்து விடுதலை என்று நினைப்பது தவறு. ரேடியேட்டரின் தகடுகள் காற்றாடிக் கார்டின் தகடுகளைவிட நெருக்கமாக இருக்கும். அதிலும் இதே செம்மண்தான் வந்து படியும். அதுமட்டுமன்று, பல திரவக் கார்டுகளில் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் பாகங்களைக் குளிர்விக்கக் கார்டின் மேலேயே ஒரு தனிக் காற்றாடியும் இருக்கிறது. ஆகத் துடைக்க வேண்டிய இடம் ஒன்றாக இருந்தது இரண்டாகிறது. எதுவாக இருந்தாலும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கணினியை வாசலுக்குக் கொண்டுவந்து, மெல்லிய பிரஷால் தட்டி, காற்றை அடித்துத் துடைப்பது நல்லது. அப்படிக் காற்று அடிக்கும்போது காற்றாடி இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுழலவிட்டு வேடிக்கை பார்த்தால் அதன் பேரிங் கெட்டுவிடும்.

பழுதாகும் நாளைப் பற்றியும் வாங்கும் நாளிலேயே யோசிக்க வேண்டும். காற்றாடிக் கார்டில் தேய்ந்து போகக்கூடிய பாகம் காற்றாடி ஒன்றுதான். அது நின்றுவிட்டால் இணையத்தில் அதே அளவுக் காற்றாடியைச் சில பத்து ரிங்கிட்டுக்கு வாங்கி மாற்றலாம். கிடைக்காவிட்டால், உத்தரவாதக் காலம் முடிந்த கார்டில் கேசிங்குக்கான இரண்டு 120 மில்லிமீட்டர் காற்றாடிகளைப் பிளாஸ்டிக் நாடாவால் தகட்டின் மேல் கட்டிவிட்டாலும் ஓடும். பார்க்க அழகாக இராது. ஆனால் சம்பளம் வரும்வரை பிள்ளையின் கணினி நிற்காது. திரவக் கார்டில் பம்ப் நின்றால் இந்த வித்தை எதுவும் பலிக்காது. மூடி முத்திரையிட்ட அமைப்பு என்பதால் பெரும்பாலானவற்றில் திரவத்தை நிரப்பவும் வழியில்லை. குழாய்ச் சுவரின் வழியே ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக அது ஆவியாகிக் குறைவதும் இயல்பானதே.

எங்கள் பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவர், நகரத்துக் கடை ஒன்றில் தவணை முறையில் அப்படிப்பட்ட கார்டை வாங்கியிருந்தார். விளையாட்டைத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் திரை இருண்டுபோகிறது என்று கொண்டுவந்தார். திரையின் ஓரத்தில் வெப்பநிலை 90 பாகையை நோக்கி விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது; ரேடியேட்டரைத் தொட்டால் அறையில் கிடக்கும் எந்தத் தகரத்தையும் போல் ஆறிக் கிடந்தது. சூடு அங்கே போய்ச் சேரவே இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை, பம்ப் நின்றுவிட்டது. உத்தரவாதக் காலம் முடியவில்லை. இருந்தும், கடை விநியோகிப்பாளரைக் காட்டியது, விநியோகிப்பாளர் வெளிநாட்டிலிருந்து பதில் வரட்டும் என்றார். கார்டு கைக்குத் திரும்பி வரப் பல வாரங்கள் ஆயின. மாதத் தவணை மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் போய்க்கொண்டிருந்தது. கடையின் பெயர் இங்கே தேவையில்லை, எந்தக் கடையிலும் நடக்கக்கூடியதுதான். ஆனால் கோலாலம்பூரில் இருப்பவர் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்கு நேரில் போய் நின்று கேட்கலாம். சுங்கை சிப்புட்டில் இருப்பவர் ஈப்போவுக்கோ அதற்கு அப்பாலோ பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டுப் புலனத்தில் வரும் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தத் தொலைவையும் சேர்த்ததுதான் நமக்குக் கார்டின் உண்மையான விலை.

இப்படிச் சிக்கிக்கொண்டவர்களுக்குச் சட்டத்தில் வழி உண்டு என்பதையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்கு வழக்கறிஞர் இல்லாமலே மனுச் செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட். ரசீதும் உத்தரவாத அட்டையும், கடையோடு பரிமாறிக்கொண்ட செய்திகளின் நகலும் கையில் இருக்க வேண்டும். திரவக் கார்டு வாங்குவோர் கூடுதலாக ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. கசிவு ஏற்பட்டு மதர்போர்டோ பவர் சப்ளையோ கெட்டால் அந்த இழப்பை உத்தரவாதம் ஏற்குமா, அல்லது கார்டை மட்டும் மாற்றித் தருமா? கசிவு அரிதுதான். ஆனாலும் அரிதானது நம் வீட்டில் நடந்தால், பதில் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பழைய கார்டு வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் எத்தீரியம் என்ற மின்னிலக்க நாணயத்தைக் கார்டுகளின் கணக்கிடும் திறனால் ஈட்டும் ‘தோண்டும்’ முறை முடிவுக்கு வந்ததும், இராப்பகலாக உழைத்த கார்டுகள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. அவற்றில் பல இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. காற்றாடிக் கார்டாக இருந்தால் திறந்து, துடைத்து, பசை மாற்றி, ஓட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வரலாம். திரவக் கார்டில் உள்ளே எவ்வளவு திரவம் மிச்சமிருக்கிறது, பம்ப் எத்தனை ஆயிரம் மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து காண முடியாது. பழைய திரவக் கார்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அப்படியானால் மிச்சமாகும் பணத்தை எங்கே போடுவது? ஒரே சில்லைக் கொண்ட காற்றாடிக் கார்டுக்கும் திரவக் கார்டுக்கும் இடையே விலை வேறுபாடு பல நூறு ரிங்கிட் வரை போகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக இருக்கும் நாட்டில், தோட்டத்துக் குடும்பத்துக்கு அது சிறிய தொகையன்று. முதலில் கேசிங்கைப் பாருங்கள். முகப்பில் கண்ணாடிப் பலகை வைத்து வண்ண விளக்கு எரியும் கேசிங்குகள் கடையில் கண்ணைப் பறிக்கும். உள்ளே காற்று நுழைய வழியிராது. முகப்பு முழுவதும் கம்பிவலையாக, அதன் பின்னால் கழற்றித் துடைக்கக்கூடிய தூசி வடிகட்டியோடு, முன்னால் இரண்டு காற்றாடி காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளும்படி உள்ள கேசிங்கே நமக்கு ஏற்றது. உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால், வடிகட்டி இல்லாத இடுக்குகள் வழியே தூசி நுழைவதும் குறையும். அதன் பிறகும் பணம் இருந்தால், தரமான பவர் சப்ளைக்குக் கொடுங்கள். இடியும் மின்தடையும் அடிக்கடி வரும் ஊரில் அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. கணினியைச் சுவரோடு ஒட்டியோ மேசையின் மூடிய பெட்டிக்குள்ளோ வைக்காமலிருப்பதற்குப் பணமே வேண்டாம்.

பணம் வேண்டாத இன்னொரு வழி, கார்டின் மின் உச்சவரம்பைக் குறைப்பது. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பவர் லிமிட் என்ற கோட்டை 100 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கு இழுத்துவிட்டால், 300 வாட் கார்டு 240 வாட்டில் நின்றுகொள்ளும். வேகத்தில் இழப்பது பெரும்பாலான கார்டுகளில் சில விழுக்காடுதான். வெப்பமும் சத்தமும் உடனே இறங்குவதைக் கண்ணாலும் காதாலும் உணரலாம். திரையின் வேகத்துக்கு ஏற்பக் காட்சி எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வைக்க வேண்டும். நொடிக்கு 75 காட்சி மட்டுமே காட்டக்கூடிய திரைக்குக் கார்டு 200 காட்சிகளை உருவாக்கித் தள்ளுவதில் யாருக்கும் பயனில்லை. எந்த ரேடியேட்டரும் செய்யாத ஒரு வேலையை இந்த இரண்டு மாற்றங்களும் செய்கின்றன: அறைக்குள் வரும் வெப்பத்தின் அளவையே குறைக்கின்றன. 300 வாட் கார்டு நாளொன்றுக்கு நாலு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 36 யூனிட் மின்சாரம். 240 வாட்டில் நிறுத்தினால் 29 யூனிட்டுக்குக் கீழ். தெனாகா மின்கட்டணப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு இதைத் தகப்பனாருக்குக் காட்டினால் கார்டு வாங்கும் பேச்சும் சுமுகமாக நடக்கும் என்பது என் அனுபவம்.

இத்தனைக்குப் பிறகும் 450 வாட் கார்டும் ரேடியேட்டரும்தான் வேண்டும் என்பவர்களுக்கு, பூட்டும் முறையில் இரண்டைச் சொல்கிறேன். ரேடியேட்டரைக் கேசிங்கின் மேற்கூரையில், காற்று வெளியே போகும்படி வைப்பது நல்லது. முகப்பில் வைத்தால் அதன் வெப்பம் முழுவதும் மற்ற பாகங்களின் மேல் வீசும். பம்ப் எக்காரணத்தாலும் அந்தச் சுற்றின் மிக உயரமான இடமாக இருக்கக் கூடாது. உள்ளே சேரும் காற்றுக்குமிழிகள் அங்கே போய் அடைந்து அதைக் கெடுத்துவிடும். ப்ராசஸருக்கும் தனி ரேடியேட்டர் வைப்பதாக இருந்தால், இரண்டுக்கும் கேசிங்கில் இடம் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். பெரிய காற்றாடிக் கார்டு வாங்குவோர் அதன் நீளத்தை அளப்பதோடு, வளையாமல் தாங்கும் முட்டுக்கட்டை ஒன்றையும் வாங்க வேண்டும். கணினியைப் பேருந்திலோ கூரியரிலோ அனுப்பும்போது கார்டைக் கழற்றித் தனியே அனுப்புவதே பாதுகாப்பு.

தங்கள் வழியாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் கணினிப் பாகங்களைப் பற்றி எழுதுவோர், சோதனை நடந்த அறையின் வெப்பநிலையையும், எத்தனை நிமிடம் ஓடிய பிறகு எடுத்த அளவு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அவை இல்லாத எண் நம் வாசகருக்கு உதவாது. கணினிக் கடைக்காரர்கள், விலைச்சீட்டில் விளக்கின் வண்ணங்களைப் பட்டியலிடும் இடத்தில், கார்டு எடுக்கும் வாட் எவ்வளவு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் அனுப்ப வேண்டிய ஊர் எது என்ற மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். அப்படி எழுதிவிட்டால், மாலை நேரத்தில் என் வீட்டு வாசலுக்கு வந்து கேட்கும் பெற்றோர்களில் பாதிப் பேர் கடையிலேயே தங்கள் முடிவை எடுத்துவிடுவார்கள்.

நன்றி.

இக்கண்,
கணினி பழுது பார்ப்பவர்,
சுங்கை சிப்புட், பேரா.